இரண்டு கணினி, ஒரு ஹெட்ஃபோன்: லேன் கேபிளில் ஒலி அனுப்ப எந்த மென்பொருள்?

வீடியோ எடிட்டிங் செய்யும் நண்பர் ஒருவரின் மேசையில் டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் அருகருகே இருக்கின்றன. இரண்டின் ஒலியும் ஒரே ஹெட்ஃபோனில் வர வேண்டும் என்கிறார். இன்னொருவர் கூடத்தில் நல்ல ஆம்ப்ளிஃபயரோடு ஒரு சின்ன லினக்ஸ் கணினியை வைத்திருக்கிறார். மாடி அறையில் ஓடும் பாட்டு அங்கே கேட்க வேண்டும். மூன்றாமவருக்கு ஓர் அரங்கின் பதினாறு மைக்குகளை அடுத்த அறையில் உள்ள கணினியில் தனித்தனித் தடங்களாகப் பதிய வேண்டும். மூவரும் கேட்பது ஒரே கேள்வி: "எந்த மென்பொருள் நல்லது?"

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் என் அன்றாட வேலை. இந்த மென்பொருள்களை மாற்றி மாற்றி நிறுவி, பல மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன்.

## முதலில்: கேபிள் ஒன்று போதாதா?

இரண்டு கணினியும் ஒரே மேசையில் இருந்து, ஒரு பக்கமாக ஸ்டீரியோ ஒலி போனால் போதும் என்றால், 3.5 மி.மீ. ஆக்ஸ் கேபிளை ஒன்றின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மற்றதன் லைன்-இன் துளைக்குச் சொருகிப் பாருங்கள். பாக்கெட், பஃபர், ஃபயர்வால் என்று எந்தத் தொல்லையும் இல்லை.

அதில் இரண்டு சிக்கல்கள் வரலாம். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் லைன்-இன் துளையே கிடையாது. அப்புறம் "ம்ம்ம்" என்ற அந்த இரைச்சல். இரண்டு கணினியும் தனித்தனி அடாப்டரில் மின்சாரம் எடுத்து, ஆடியோ கேபிள் வழியாக ஒரே எர்த்தில் சேரும்போது இது வரும். லேன் கேபிளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காரணம், ஈத்தர்நெட் துளைக்குள்ளேயே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருந்து மின்தொடர்பைப் பிரித்து வைக்கின்றன. இரைச்சல் தாங்காமல் நெட்வொர்க் பக்கம் வருகிறீர்கள் என்றால் வந்தது சரிதான்.

## எதை வைத்து எடைபோடுவது?

வேகம் ஒரு பொருட்டே அல்ல. "என் ரௌட்டர் 100 மெகாபிட்தான், தாங்குமா?" என்று பலர் கேட்கிறார்கள். விநாடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை அளந்து எடுத்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 1.536 மெகாபிட்தான் ஆகிறது. 100 மெகாபிட் லைனுக்கு இது ஒன்றுமே இல்லை. 24 பிட்டில் 64 சேனல் போகும்போதுதான் ஒலி மட்டுமே 73.7 மெகாபிட் ஆகிவிடும். அங்கே ஜிகாபிட் ஸ்விட்ச் (லேன் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வேண்டும்.

தாமதம் எவ்வளவு வரை பரவாயில்லை? இது முழுக்க உங்கள் வேலையைப் பொறுத்தது. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஏறக்குறைய 34 செ.மீ. போகும். கச்சேரி மேடையில் பாடகரும் மிருதங்கக்காரரும் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், அவர்களுக்குள் ஏற்கனவே 6 மில்லி விநாடி இடைவெளி இருக்கிறது, அதில் யாருக்கும் தாளம் தவறுவதில்லை. ஆனால் தன் குரலையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுபவருக்கு 10 மில்லி விநாடியைத் தாண்டினாலே உறுத்தத் தொடங்கும். படம் ஒரு கணினியிலும் ஒலி இன்னொன்றிலும் என்றால் நமக்கு இன்னும் நிறைய இடம் உண்டு. உதட்டசைவுக்கு ஒலி 125 மில்லி விநாடி அளவுக்குப் பின்தங்கும்போதுதான் பொதுவாகக் கண்ணுக்குப் பிடிபடும். வெறும் பாட்டு என்றால் அரை விநாடி தாமதம்கூட யாருக்கும் தெரியாது.

கடிகாரம் யாருடையது? இந்த அளவுகோலை அநேகமாக யாருமே பார்ப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

விநாடிக்கு 48,000 மாதிரி என்று இரண்டு கணினியும் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றின் சவுண்ட் கார்டிலும் தனித்தனிக் குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பக்கம் விநாடிக்கு 2.4 மாதிரி அதிகமாகத் தருகிறது. ஒரு மணி நேரத்தில் 8,640 மாதிரிகள், அதாவது 180 மில்லி விநாடி. குழாயிலிருந்து விழும் தண்ணீர், அடியில் வெளியேறுவதைவிட ஒரு சொட்டு அதிகமாக இருந்தால் தொட்டி என்றாவது வழியத்தானே செய்யும்? இங்கே தொட்டி என்பது பஃபர். அது வழியும்போது "டிக்" என்று ஒரு வெட்டு விழும். எதிர்ப்பக்கமாக, தொட்டி காலியானாலும் அதே வெட்டுதான்.

எனக்கு இது புரிந்தது ஒரு நேர்காணலைக் கெடுத்துக்கொண்ட பிறகு. விருந்தினரின் குரல் லேப்டாப்பிலிருந்து லேன் வழியாக டெஸ்க்டாப்புக்கு வந்து பதிவானது. என் குரல் நேரடி மைக்கில். முதல் ஐந்து நிமிடம் கச்சிதம். ஐம்பதாவது நிமிடத்தில், என் மைக்கிலும் விழுந்த அவருடைய சிரிப்பு என் தடத்தில் முன்னதாகவும், அவர் தடத்தில் பின்னதாகவும் இருந்தது. ஒவ்வொரு பதிலாக வெட்டி நகர்த்தி முடிக்க இரண்டு நாள் ஆனது.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. மாதிரிகளை அவ்வப்போது தூக்கி எறிவது அல்லது திணிப்பது: "டிக்" கேட்கும். பெறும் பக்கத்தில் வேகத்தைக் காதுக்குத் தெரியாத அளவில் கூட்டிக் குறைப்பது: பெரும்பாலும் போதும். நெட்வொர்க் முழுவதற்கும் ஒரே கடிகாரத்தை வைத்துவிடுவது: தொழில்முறை வழி இதுதான்.

இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி. ஒலி ஒரு பக்கம் மட்டும் போனால் போதுமா, இரு பக்கமும் வேண்டுமா? அமைத்தபின் அடுத்த நாள் காலையில் தொடாமல் வேலை செய்யுமா?

## எப்படிச் சோதித்தேன்

மெட்ரோனோம் "டக், டக்" ஒலியை அனுப்பும் கணினியின் ஸ்பீக்கரிலும் பெறும் கணினியின் ஸ்பீக்கரிலும் ஒருசேர ஓடவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஃபோனை வைத்துப் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு "டக்"கும் இரண்டு மேடுகளாகத் தெரியும். இடைவெளியை அளந்தால் அதுதான் தாமதம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒன்றாக இருந்தால் கடிகாரம் சமாளிக்கப்படுகிறது. எண் வளர்ந்திருந்தால் நேர்காணல் எதையும் அதை நம்பிப் பதிய வேண்டாம்.

நடுவில் ஒரு பெரிய ஃபைலை அதே கேபிளில் நகலெடுத்தும் பாருங்கள். அமைதியான நெட்வொர்க்கில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் தெரியும்.

## ஸ்க்ரீம்

விண்டோஸில் இது ஒரு பொய் சவுண்ட் கார்டாக உட்கார்ந்துகொள்ளும். அதை இயல்பு ஸ்பீக்கராகத் தேர்ந்தெடுத்தால் போதும், கணினியின் மொத்த ஒலியும் சுருக்கப்படாமல் நெட்வொர்க்கில் போகும். லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் பெறும் நிரல் உண்டு. இலவசம், திறமூலம். திரை என்று தனியாக எதுவும் கிடையாது. அந்த எளிமை எனக்கு ரொம்பவே பிடிக்கும்.

மறைவான செலவு வேறிடத்தில் இருக்கிறது. இயல்பாக இது 239.255.77.77 என்ற மல்டிகாஸ்ட் (பல கணினிகளுக்கு ஒருசேர அனுப்பும்) முகவரிக்கு அனுப்பும். சாதாரண ஸ்விட்ச் அதைக் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் விநியோகிக்கும். அதே ரௌட்டரில் வைஃபையும் இருந்தால், அது மல்டிகாஸ்ட்டை மிகக் குறைந்த வேகத்தில் காற்றில் பரப்பும். நீங்கள் மாடியில் பாட்டுப் போடும்போதெல்லாம் கீழே எல்லோருடைய ஃபோனிலும் நெட் திணறும், காரணம் யாருக்கும் புரியாது. விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு கணினியின் முகவரியைக் கொடுத்து யூனிகாஸ்ட்டாக மாற்றிவிடுங்கள். நிறுவியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

இன்னொன்று, அங்கீகாரம் இல்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி இந்த டிரைவரை ஏற்காமல் போகலாம். அதற்காக செக்யூர் பூட்டை அணைப்பது, அலுவலகக் கணினியில் கண்டிப்பாக வேண்டாம். மைக் ஒலி திரும்பி வராது. போவது மட்டும்தான்.

## வாய்ஸ்மீட்டரும் விபானும்

இரண்டு விண்டோஸ் கணினி வைத்திருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான்.

வாய்ஸ்மீட்டர் ஒரு மென்பொருள் மிக்ஸர். அதற்குள்ளேயே விபான் என்ற அனுப்பும் முறை இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 28 பைட் தலைப்பு, அதற்குப் பின்னால் சுருக்கப்படாத ஒலி, யுடிபி 6980 போர்ட். ஒரு பாக்கெட்டில் அதிகபட்சம் 256 மாதிரி, அதாவது 48,000-இல் 5.3 மில்லி விநாடி ஒலிதான் இருக்கும். மீதித் தாமதம் எல்லாம் இரு பக்க பஃபர்களில் சேர்வதுதான். "நெட் குவாலிட்டி" என்ற அமைப்பில் ஆப்டிமல் தொடங்கி வெரி ஸ்லோ வரை தேர்வுகள் உண்டு. லேன் கேபிளில் ஆப்டிமலில் தொடங்கி, கரகரப்பு வந்தால் மட்டும் ஒரு படி இறங்குங்கள்.

மிக்ஸராக இருப்பதுதான் இதன் பெரிய பலம். லேப்டாப் மீட்டிங்கின் ஒலி, டெஸ்க்டாப்பின் டைம்லைன் ஒலி, இரண்டையும் தனித்தனிக் குமிழில் கூட்டிக் குறைத்து ஒரே ஹெட்ஃபோனில் கேட்கலாம். டெஸ்க்டாப்பின் மைக்கைத் திருப்பி லேப்டாப் மீட்டிங்குக்கு அனுப்பலாம். மேலே சொன்ன எடிட்டர் நண்பருக்கு இதைத்தான் அமைத்துக் கொடுத்தேன்.

அது பலவீனமும்கூட. முதல் முறை திறக்கும்போது ஒரு ஒலிப்பதிவுக்கூட மேசையே முன்னால் விரிந்தது போல இருக்கும். ஒரு மாலை முழுவதும் இதற்கென்று ஒதுக்குங்கள். அவசரமான மீட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னால் நிறுவ வேண்டாம்.

ஒலி வரவில்லை என்றால் நான் வரிசையாகப் பார்ப்பவை இவை. இரு பக்கமும் ஸ்ட்ரீம் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? அனுப்புபவர், பெறுபவர் இரு பக்கமும் 48,000-இல் இருக்கிறார்களா? விண்டோஸில் நெட்வொர்க் "பப்ளிக்" என்று இருந்து ஃபயர்வால் மறிக்கிறதா? நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் அநேகமாக ரௌட்டர் வேறு ஐபி முகவரியைக் கொடுத்திருக்கும். ரௌட்டரில் இரண்டு கணினிக்கும் நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால் அந்தக் கதை முடிந்தது.

பணம்? விரும்பியதைக் கொடுங்கள் என்ற முறை. தினமும் இதை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன் என்பதால் நான் கொடுத்தேன். நீங்களும் கொடுங்கள். வாய்ஸ்மீட்டர் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆனால் விபான் முறை திறந்தது என்பதால் லினக்ஸில் அதைப் பேசும் நிரல்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை: ஸ்க்ரீமும் விபானும் ஒலியை மறையாக்கம் செய்வதில்லை. வீட்டில் பரவாயில்லை. விடுதி, கல்லூரி, அலுவலக நெட்வொர்க்கில் உங்கள் மைக் ஒலியைத் திறந்த கடிதமாக அனுப்புகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

## சோனோபஸ்

பேசுவதும் பாடுவதும்தான் வேலை என்றால் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் எல்லாவற்றிலும் ஓடும், இலவசம், திறமூலம். ஒரு குழுப் பெயர் கொடுத்தால் இரண்டு கணினியும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும், ஐபி முகவரி எதையும் தட்ட வேண்டாம். அந்த அறிமுகத்துக்கு மட்டும் வெளியே உள்ள சர்வர் தேவை, ஒலி நேரடியாகக் கணினிக்குக் கணினி போகும். ஓபஸ் சுருக்கமா, சுருக்காத ஒலியா என்று தேர்ந்தெடுக்கலாம். கேபிளில் சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொருவரின் தாமதத்தையும் திரையில் எண்ணாகவே காட்டும். ஒவ்வொருவர் குரலையும் தனித் தடமாகப் பதியும். இந்தக் கடைசி வசதி ஒன்றுக்காகவே இரண்டு பேர் பேசும் நிகழ்ச்சிகளுக்கு நான் இதற்கு மாறினேன்.

எதிரொலி நீக்கம் கிடையாது. எல்லோரும் ஹெட்ஃபோன் போட்டே ஆக வேண்டும். அப்புறம், இது மைக்கை எடுத்துக்கொள்வது போலக் கணினியின் ஒலியைத் தானாக எடுத்துக்கொள்ளாது. பிரவுசரில் ஓடும் பாட்டை அனுப்ப, விண்டோஸில் விபி-கேபிள், மேக்கில் பிளாக்ஹோல் மாதிரி ஒரு பொய் கேபிளை (ஒரு நிரலின் ஒலியை இன்னொன்றுக்குக் கொடுக்கும் மென்பொருள்) நடுவில் நிறுவ வேண்டும்.

## டான்டே வர்ச்சுவல் சவுண்ட்கார்டு

ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனத்துடையது. அரங்குகள், ஒளிபரப்பு நிலையங்கள், மாநாட்டுக் கூடங்கள் என்று தொழில்முறை உலகம் முழுக்கப் புழங்குவது டான்டே என்ற நெட்வொர்க் ஒலி முறை. கணினியை அதில் சேர்க்கும் மென்பொருள்தான் இது. 48,000-இல் 64 சேனல் உள்ளே, 64 சேனல் வெளியே. தாமதத்தை 4, 6, 10 மில்லி விநாடி என்று நாமே நிர்ணயிக்கலாம். எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்பதை டான்டே கன்ட்ரோலர் என்ற இலவச மென்பொருளில் கட்டம் போட்ட திரையில் ஒரு புள்ளியைச் சொடுக்கி முடித்துவிடலாம்.

கடிகாரச் சிக்கலுக்கு இங்கே முழுமையான விடை இருக்கிறது. நெட்வொர்க்கில் ஒரு கருவி தலைமைக் கடிகாரமாக நிற்கும், மற்றவை எல்லாம் அதைப் பின்பற்றும்.

மாட்டிக்கொள்ளும் இடமும் அதுவேதான். வர்ச்சுவல் சவுண்ட்கார்டு தலைமைக் கடிகாரமாக நிற்காது. இரண்டு கணினியில் இரண்டு உரிமம் வாங்கி நிறுவிவிட்டு, நடுவில் உண்மையான டான்டே கருவி எதுவும் இல்லை என்றால் ஒலி போகாது. மென்பொருளின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இதில்தான் விழுகிறார்கள். டான்டே உள்ள மிக்ஸரோ, ஏவியோ என்ற சின்ன அடாப்டரோ ஒன்றாவது வேண்டும். ஏவியோவின் அனலாக் வகைகளுக்கு லேன் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும் ஸ்விட்ச் தேவை, அது இன்னொரு செலவு. யுஎஸ்பி ஏவியோ என்றால் கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போடும்போது மென்பொருள் உரிமம், கருவி, ஸ்விட்ச் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள்.

வைஃபையில் இது ஓடாது. கேபிளிலும் ஒரு பொறி உண்டு. மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈத்தர்நெட் வசதி, ஸ்விட்ச் பெட்டியில் "கிரீன்" என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். பாக்கெட்டுகளுக்கு நடுவில் கண நேரம் தூங்கி எழும் இந்த வசதி கடிகாரத் துல்லியத்தைக் குலைக்கும். ஒரு அரங்கில் சில விநாடிக்கு ஒரு முறை ஒலி கண்சிமிட்டியது. கேபிள்களை எல்லாம் மாற்றினோம், கணினியை மாற்றினோம், நள்ளிரவு வரை ஒன்றும் நடக்கவில்லை. அந்த வசதியை அணைக்கவே முடியாத ஸ்விட்ச் அது. வேறு ஸ்விட்ச் வைத்ததும் நின்றது. கணினியின் நெட்வொர்க் கார்டு அமைப்பிலும் அதே வசதி இருக்கும், அதையும் அணையுங்கள்.

அரங்கில் ஏற்கனவே டான்டே மிக்ஸர் இருந்தால் மறுயோசனையே வேண்டாம். பதினாறு மைக் கேட்ட நண்பருக்கு இதுதான் பதில். ஒரே லேன் கேபிள், பதினாறு தனித் தடங்கள்.

## லினக்ஸில் பைப்வயர்

2021-இல் ஃபெடோரா 34, 2022-இல் உபுண்டு 22.10 என்று பெரிய லினக்ஸ் விநியோகங்கள், கணினியின் ஒலியைக் கையாளும் பைப்வயர் என்ற மென்பொருளை இயல்பாக்கிவிட்டன. புதிதாக எதுவும் நிறுவாமலேயே பழைய பல்ஸ்ஆடியோ நெட்வொர்க் முறை, ஆர்டிபி, விபான் என்று பல மொழிகளில் அது பேசும். கூடத்து லினக்ஸ் கணினியில் விபான் பெறும் மாட்யூலைப் போட்டுவிட்டு, மாடியில் விண்டோஸ் வாய்ஸ்மீட்டரிலிருந்து அனுப்புவது இப்போது எனக்கு மிகவும் பிடித்த கூட்டணி. ஆனால் எல்லாமே அமைப்புக் கோப்பில் எழுதிச் செய்வதுதான். டெர்மினலைக் கண்டு தயங்குபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கணினிகள் | திசை | கடிகாரம் | மறைவான செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| ஸ்க்ரீம் | விண்டோஸிலிருந்து விண்டோஸ், லினக்ஸ் | ஒரு பக்கம் | பொதுக் கடிகாரம் இல்லை | மல்டிகாஸ்ட் நெரிசல், டிரைவர் அனுமதி | கூடத்தில் பாட்டு |
| வாய்ஸ்மீட்டர், விபான் | விண்டோஸ் (விபான் லினக்ஸிலும்) | இரு பக்கம் | பொதுக் கடிகாரம் இல்லை | கற்க ஒரு மாலை | இரண்டு கணினி, ஒரு ஹெட்ஃபோன் |
| சோனோபஸ் | எல்லாம் | இரு பக்கம் | பொதுக் கடிகாரம் இல்லை | ஹெட்ஃபோன் கட்டாயம், பொய் கேபிள் | பேச்சு, பாட்டு ஒத்திகை |
| டான்டே | விண்டோஸ், மேக் | இரு பக்கம், 64 சேனல் வரை | ஒரே தலைமைக் கடிகாரம் | உரிமம், கருவி, சரியான ஸ்விட்ச் | அரங்கு, பல தடப் பதிவு |
| பைப்வயர் | லினக்ஸ் | இரு பக்கம் | தேர்வைப் பொறுத்தது | கோப்பு எழுதும் நேரம் | லினக்ஸ் பழகியவர் |

## சோதிக்கத் தொடங்கும் முன்

இந்த மென்பொருள்களில் பல ஒரு பொய் சவுண்ட் கார்டைக் கணினியில் விட்டுச் செல்லும். நான்கை அடுத்தடுத்து நிறுவினால் ஒலிக் கருவிகள் பட்டியலில் எது எதனுடையது என்றே தெரியாமல் போகும். முக்கியமான வேலையின் நடுவில் ஸ்பீக்கர் ஊமையாகும். ஆகவே விண்டோஸில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். இப்போது எது இயல்பு ஸ்பீக்கர், எது இயல்பு மைக், என்ன மாதிரி வீதம் என்று மூன்று வரி குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை முழுமையாக நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகுதான் அடுத்ததை நிறுவுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று நாள் கொடுங்கள். முதல் நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் காலையில் கணினியை எழுப்பியதும் தானாக இணைகிறதா என்பதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.